கடைசிப் பந்தியும் கணையமும்

ஏழு மாதம் நான் என் வீட்டில் பொய்க்காரியாக இருந்தேன். ஒளித்து வைத்து நெய் தின்பவள், மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொண்டு போய்த் துப்புபவள், டாக்டரிடம் ஒரு பேச்சும் வீட்டில் ஒரு பேச்சும் பேசுபவள். எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த பெயர்கள் இவை. வைத்தவர்கள் யாரோ எவரோ இல்லை. நான் பெற்ற ஒரே மகனும் என் மருமகளும்தான். இன்றைக்கு உடம்பு தேறிவிட்டது. கோபம் மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டிக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. வீட்டுக்காரர் இங்கே வண்டி செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். அவரோடு வேலை பார்த்த தமிழ்ப் பையன்கள் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். நான்கு பேருக்குச் சேர்த்து உலை வைக்க ஆரம்பித்தேன். போகப் போக அது இருபது பேருக்கு ஆனது. காலை ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஒரு பந்தி, அடுத்த ஷிப்ட் போகிறவர்களுக்கு ஒரு பந்தி. எல்லோரும் கை கழுவி, பாய் சுருட்டி, பாத்திரம் விளக்கி, தரை துடைத்த பிறகுதான் என் தட்டு. அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, மிச்சம் என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக்கொண்டு, ஒருத்தரும் பார்க்காமல் சாப்பிடுவேன். யாரும் எனக்குப் பரிமாறியது கிடையாது. நான் விட்டதும் கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மெஸ்ஸும் நின்றது. இப்போது அதே ஆகுர்டியில் ஐந்தாவது மாடியில் மகனோடு இருக்கிறேன். அவன் சாகணில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் சாயங்காலம் வருவான். மருமகள் கோயமுத்தூர்ப் பெண், கம்ப்யூட்டரில் வேலை, வீட்டிலிருந்தே. ஒரு மணிக்கு அவளுக்கு மத்தியானச் சாப்பாடு. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு பேரும் உட்காருவார்கள். இந்த ஊர் வழக்கத்தில் சப்பாத்தி அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டும், ஆறினால் ஆகாது. ஆக நான் தவாவைவிட்டு நகர முடியாது. அவர்கள் எழுந்த பிறகு மேடை துடைத்து, பால்கனித் துணி எடுத்து மடித்து வைத்து, அதன் பிறகு என் தட்டு. மத்தியானம் என்றால் இரண்டரை மணி ஆகிவிடும். இருபது பேர் இரண்டு பேராகக் குறைந்தார்களே தவிர, என் பந்தி கடைசிப் பந்திதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும்போது மேல் வயிற்றில் ஒரு வலி வந்தது. கடப்பாரையை நெஞ்சுக்குக் கீழே விட்டு முதுகு வழியாக எடுக்கிற மாதிரி. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். டாக்டர் காலையில் வருவார். என் கட்டிலின் கால்மாட்டில் நின்று என் மகனோடு இங்கிலீஷில் பேசுவார். நான் நடுவில் படுத்துக்கொண்டு ஒருவர் வாயை மாற்றி ஒருவர் வாயைப் பார்ப்பேன். வயிறு என்னுடையது, பேச்சு அவர்களுடையது. என்னடா சொல்றாரு என்று கேட்டால் மகன், பித்தப்பையில் கல் இருந்தது எடுத்தாயிற்று, கணையமும் கொஞ்சம் கெட்டுப் போயிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார், எல்லாம் அவள் பார்த்துக் கொடுப்பாள் என்று இரண்டு வரியில் முடித்துவிட்டான். கணையம் என்றால் என்ன, அது எங்கே இருக்கிறது, நன்றாக இருந்தபோது எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கெட்டது என்பது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள். எல்லாம் இங்கிலீஷ். ஒழுங்கானவள், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு மணிக்குத் தட்டு எடுத்து வைக்கும்போதே என் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் அடுப்பு மேடையில் கொண்டுவந்து வைப்பாள். அத்தை, மாத்திரை, என்பாள். நான் ஒரு கையில் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த சப்பாத்தியைத் திருப்புவேன். ராத்திரியும் அதே. ஒரு வேளை தவறியதில்லை.

ஆனால் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். வளையல் முழங்கைக்கு ஏறியது. சாப்பிட்டது சாப்பிட்டபடி வெளியே போனது. எழுதுவதற்குக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எண்ணெய் மிதந்துகொண்டு, வெளுத்துப் போய், நான்கு தடவை தண்ணீர் விட்டாலும் போகாமல் நிற்கும். நாற்றம் சொல்லி முடியாது. நான் கக்கூஸை விட்டு வெளியே வந்தால் போதும், மருமகள் தன் அறையிலிருந்து எழுந்து வந்து வாசனை மருந்தை உஸ் உஸ் என்று அடித்துவிட்டுப் போவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். இருபது ஆண்பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டி, ஒருத்தன் வயிறும் கெடாமல் பார்த்துக்கொண்டவள் நான். அந்த உஸ் சத்தம் கேட்கிறபோதெல்லாம் காது வரைக்கும் சூடு ஏறும்.

மறுபடி டாக்டர். எண்ணெய், நெய், தேங்காய் சாப்பிடுகிறார்களா என்று மகனிடம் கேட்டார். மாத்திரையின் பலத்தைக் கூட்டினார். ஒன்றும் மாறவில்லை. அப்போதுதான் மகனுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நெய் ஜாடியை எடுத்துத் தன் பீரோவில் வைத்துக்கொண்டான். நிலக்கடலை டப்பா எட்டாத உயரத்துக்குப் போனது. கேட் பக்கத்தில் வடாபாவ் விற்கிறவனிடம் போய், எங்கம்மா இங்கே வருகிறார்களா என்று கேட்டிருக்கிறான். அவனே மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டான்.

"ஒளிச்சு வச்சுத் திங்கிறியாம்மா? சொல்லிரு. இல்லைன்னா இவ்வளவு மாத்திரைக்கும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

"நான் ஒளிச்சுத் தின்னு நீ பாத்தியாடா?"

"பாக்கலை. ஆனா உடம்பு பொய் சொல்லாதுல்ல."

உடம்பு பொய் சொல்லாது, அம்மா சொல்வாள். இதுதான் அதற்கு அர்த்தம். அன்றிலிருந்து மருமகள் மாத்திரையை மேடையில் வைத்துவிட்டுப் போவதை நிறுத்தினாள். பக்கத்திலேயே நின்றாள். நான் விழுங்கியதும், கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்க அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க, என்றாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். தவாவில் சப்பாத்தி கருகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதை மகன் காரில் வைத்துச் சொன்னான். இப்போது நாற்பத்தோரு கிலோ இருக்கிறேன். அடுத்த தடவை நாற்பதுக்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதில்தான் ஆகாரம். அதற்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் என்று ஒரு அம்மா இருக்கிறார், நோயாளி என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிறவர், அவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். சமையலுக்கு ஆள் பார்த்திருப்பதாகவும் அப்போதே சொன்னான். நான் அடுப்படியில் நிற்பதால்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம். வாய்க்குப் பதிலாக மூக்கு, எனக்குப் பதிலாக ஒரு சமையல்காரி. இரண்டையும் ஒரே சிக்னலில் நிற்கும்போது சொல்லி முடித்தான்.

அந்த டயட்டீசியன் மராத்திக்காரி. நாற்பது வயது இருக்கும். சின்ன அறை, ஜன்னல் கிடையாது. நாற்காலி இரண்டுதான் இருந்தது. அதில் ஒன்றை என் பக்கம் இழுத்துப் போட்டு, பசா காகு என்றார். உட்காருங்கள் பெரியம்மா என்று அர்த்தம். முதலில் என்னைத்தான் உட்காரச் சொன்னார், மகன் நின்றான். காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்ன என்ன சாப்பிடுகிறீர்கள், சொல்லுங்கள் என்றார், ஹிந்தியில். மகன் வாயைத் திறந்து, காலையில் காபி, எட்டரைக்கு இட்லி, ஒரு மணிக்கு இரண்டு சப்பாத்தி, என்று அடுக்க ஆரம்பித்தான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"காகு, ஆப் போலியே. ஆப் கானா கித்னே பஜே காதி ஹோ?"

நீங்கள் சொல்லுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள். ஏழு மாதத்தில், அத்தனை படம் எடுத்து, அத்தனை ரத்தம் எடுத்து, ஒருத்தரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் மகன் மறுபடி, ஒரு மணிக்கு மேடம், என் மனைவியோடுதான், என்றான்.

"ஜூட்," என்றேன். பொய். எனக்கே என் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஐம்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஹிந்தி காய்கறிக்காரனிடமும் காஸ் சிலிண்டர்க்காரனிடமும் பேசுகிற ஹிந்தி. அதில் சொன்னேன். ஒரு மணிக்கு மருமகள் சாப்பிடுகிறாள். நான் சப்பாத்தி போடுகிறேன். இரண்டரைக்கு நான் சாப்பிடுகிறேன். ராத்திரி அவர்கள் எட்டு, நான் ஒன்பதரை.

மாத்திரை எப்போது என்று கேட்டார். ஒரு மணிக்கு, எட்டு மணிக்கு, என்றேன். அவர் என் மகனைப் பார்த்தார்.

பிறகு ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். வாய், அதிலிருந்து ஒரு குழாய், ஒரு பை, பைக்குக் கீழே சுருட்டி வைத்த கயிறு மாதிரி குடல். என்னைப் பார்த்துச் சொன்னார், எனக்குப் புரிகிற வேகத்தில். சோறு வாய்க்குள் போனதுமே எச்சிலில் இருக்கிற ஒன்று மாவுப் பண்டத்தை வெட்ட ஆரம்பித்துவிடுமாம். சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அது அதனால்தான். அந்த வெட்டுகிற சரக்குக்கு என்சைம் என்று பெயர். தமிழில் நொதி என்பார்களாம், பின்னால் மருமகள் போனில் பார்த்துச் சொன்னாள். இரைப்பைக்குள் போனால் அங்கே புளிப்பு, நாம் தாங்க முடியாத புளிப்பு. அது பருப்பு, முட்டை, கறி போன்றவற்றை இளக்கும். அங்கேயும் அதற்கென்று ஒரு நொதி. பை அதைப் பிசைந்து பிசைந்து கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே குடலுக்குத் தள்ளும். மொத்தமாகக் கொட்டாது.

குடலின் தொடக்கத்தில்தான் பெரிய வேலையாம். ஈரலிலிருந்து பித்தம் வரும். எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் விட்டால் எண்ணெய் பொடிப் பொடியாக உடையுமில்லையா, அந்த வேலை பித்தத்துக்கு. உடைத்துக் கொடுத்தால் போதாது, வெட்ட ஆள் வேண்டும். அந்த ஆளை அனுப்புவது கணையம். இரைப்பைக்குப் பின்னால் ஒரு பெரிய மிளகாய் அளவில் படுத்துக் கிடக்கிறதாம். புளிப்பை அடக்கச் சோடா மாதிரி ஒன்றையும், மாவுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று நொதிகளையும் அதுதான் அனுப்புகிறது. பித்தமும் கணையச் சாறும் குடலுக்குள் வருகிற வாசல் ஒன்றேதான். என் கல் போய் உட்கார்ந்தது அந்த வாசலில். வெளியே போக வழியில்லாத கணையச் சாறு, கணையத்தையே தின்றுவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். இத்தனை வேலை எனக்குள்ளே நடந்திருக்கிறது. ஒன்று இளக்கிக் கொடுக்க, ஒன்று உடைத்துக் கொடுக்க, ஒன்று வெட்டிக் கொடுக்க, கடைசியில் குடல் உறிஞ்சிக்கொள்ள. ஒருத்தர் வேலை இன்னொருத்தர் கைக்குச் சரியான நேரத்தில் வந்தால்தான் உண்டு. என் மெஸ்ஸில் காய் நறுக்குகிற பெண் அரை மணி முன்னால் வந்துவிட்டுக் காய் வருவதற்குள் போய்விட்டால் நான் என்ன செய்திருப்பேன். அதைத்தான் நாங்கள் ஏழு மாதம் செய்திருக்கிறோம். அந்த மாத்திரை வலிக்கு இல்லை, ஜுரத்துக்கு இல்லை. என் கணையம் அனுப்ப முடியாத நொதிகள்தான் அதற்குள் இருந்தன. முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று சோற்றோடு சோறாகப் போக வேண்டும். நான் ஒரு மணிக்கு வெறும் வயிற்றில் அவற்றை அனுப்பிவிட்டு, அவை வெட்ட ஒன்றுமில்லாமல் குடலைத் தாண்டிப் போன பிறகு, இரண்டரை மணிக்குச் சோற்றை அனுப்பினேன். மாத்திரை பலத்தைக் கூட்டினால் என்ன ஆகும். இன்னும் நிறைய பேர் சும்மா வந்து சும்மா போனார்கள், அவ்வளவுதான்.

நெய் என்று கேட்டேன். மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் நெய் சாப்பிடலாம், சாப்பிடத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு எப்படி ஏறும், என்றார். ஆகாரத்தை எடுத்தால் அதை வெட்டுகிற மாத்திரையையும் எடுங்கள், எடுக்காத நேரத்தில் அது வேண்டாம், என்றார். நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மகன் பைலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

அன்றைக்கு வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வரும் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்து அரிசி மாவைக் கரைத்துக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினேன், கரண்டி நிற்கிற பதத்துக்கு. விரல் வைக்கிற சூட்டுக்கு ஆற விட்டேன். ஒரு மாத்திரையைப் பிரித்தேன். உள்ளே கடுகைவிடச் சின்ன உருண்டைகள். இரைப்பையின் புளிப்பில் கரைந்து வீணாகாமல் இருக்க மேலே பூசியிருக்கிறதாம், அதனால் கடித்துத் தின்னக்கூடாது என்று சொல்லியிருந்தார். நான் தின்னப் போவதில்லை. சின்னக் கல்லில் வைத்து நுணுக்கினேன். இரண்டு டம்ளரில் கஞ்சியை ஊற்றி, ஒன்றில் மட்டும் பாதிப் பொடியைப் போட்டுக் கலக்கினேன். மூன்றாவது டம்ளரில் வெறும் தண்ணீர் ஊற்றி அதில் மீதிப் பொடி. மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

என்னம்மா இது என்றான். உட்கார் என்றேன். அரை மணி உட்கார வைத்தேன். மருமகள் போனை எடுத்தாள், வேண்டாம் என்றேன், வைத்துவிட்டாள். அரை மணி கழித்து முதல் டம்ளரைச் சாய்த்துக் காட்டினேன். கஞ்சி அசையவில்லை. பொடி போட்டதைச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது. மருமகள் குனிந்து பார்த்தாள். ஸ்பூனால் கலக்கியும் பார்த்தாள்.

பிறகு மூன்றாவது டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"இது ஒரு மணிக்கு என் வயிறு," என்றேன். தொட்டியில் கவிழ்த்துக் கொட்டினேன். காலி டம்ளரில் புதுக் கஞ்சியை ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். "இது ரெண்டரை மணிக்கு. இதைத்தான் நீ ஏழு மாசமா பொய்யுன்னு சொன்ன."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியர். புரியாமல் இருக்காது.

"நீயும் சொல்லிருக்கலாம்லம்மா, அப்புறமாத்தான் சாப்பிடுறேன்னு," என்றான்.

அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன்.

"நான் எப்ப சாப்பிடுறேன்னு ஒனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து என் கையாலதான சாப்பிடுற. ஒரு நாளாவது ஒனக்கு முன்னாடி நான் தட்டுல கை வச்சுப் பாத்திருக்கியா? வடாபாவ் விக்கிறவன்கிட்டப் போயி விசாரிச்ச. அடுப்படிக்குள்ள வந்து ஒரு தடவ எட்டிப் பாக்கத் தோணலை."

மருமகள்தான் பேசினாள். குரல் அடங்கிப் போயிருந்தது.

"எனக்குத் தெரியுமுங்க அத்தை. நீங்க லேட்டாத்தான் சாப்பிடுவீங்கன்னு நல்லாத் தெரியும். பக்கத்துலயே நின்னு வாயத் தொறக்கச் சொன்னேன். தெரிஞ்சும் எனக்குத் தோணலைங்க."

ஏழு மாதத்தில் அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நேர்மையான பேச்சு அது. அவள் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கழன்றது. மீதிப் பாதியை நான் என் மேல் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்யாணமாகி வந்த புதிதில், எங்களோடு உட்காருங்கள் அத்தை என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான்தான் கையை வீசி, போய்ச் சாப்பிடு, எனக்குப் பழக்கமில்லை என்றேன். கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு வீட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த உயரத்தில் நான் ஐம்பது வருஷம் ஏறி நின்றேன். அங்கே நிற்கிறவளை யாரும் அண்ணாந்து பார்ப்பதும் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேஜையில் போய் உட்கார்ந்தேன். சமையலுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் சமைப்பது நான். தட்டு போட்ட பிறகு தவா அவர்கள் கையில். முதலில் எனக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு. சொன்னபோது சுலபமாக இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்தவர் நின்றுகொண்டிருக்க நான் கை நனைப்பதற்கு மனசு இடம் கொடுக்கவில்லை. முதல் கவளத்தை எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மாத்திரையைப் போட்டேன், சோற்றை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்றேன்.

மருமகள் போட்ட சப்பாத்தி ஒரு பக்கம் அப்பளம், ஒரு பக்கம் பச்சை மாவு. அவனுக்கு அதுவும் வராது. அவன் உருட்டியதைப் பார்த்து, இதை வெட்ட என் மாத்திரை பத்தாது, ஆஸ்பத்திரியில் ரம்பம் இருக்கிறதா கேள், என்றேன். மருமகள் சிரித்தாள். அவன் பீரோவிலிருந்து நெய்யை எடுத்து வந்து மேஜையில் வைத்தான். நான் இரண்டு ஸ்பூன் விட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் கக்கூஸில் எண்ணெய் மிதப்பது நின்றது. அந்த உஸ் சத்தமும் நின்றது. ஒரு மாதத்தில் ஜாக்கெட்டின் ஒரு பிடிப்பைப் பிரித்தேன்.

பிறகு டாக்டரிடம் போனோம். எடைக் கருவியில் ஏறினேன். மூக்குக் குழாய் பற்றி நினைக்காத நாள் இல்லை. நாற்பத்து நான்கு என்று நர்ஸ் சொன்னார். டாக்டருக்குச் சந்தோஷம். என் மகன் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். அதில் டைமிங் என்கிற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. மாத்திரை நேரத்தில் சின்னக் குழப்பம், இப்போது சரியாகிவிட்டது. அப்படித்தான் சொல்லியிருப்பான். ஏழு மாதம் ஒரு சின்ன வார்த்தைக்குள் போய்விட்டது.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். டாக்டர் சாப், என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். மாத்திரை நேரத்தில் ஒரு குழப்பமும் இல்லை, அது தினமும் சரியாக ஒரு மணிக்கு வந்தது. நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அதை நீங்கள் கேட்கவில்லை. இனி என் மாதிரி ஒரு பொம்பளை வந்தால் அவள் மகனிடம் கேட்காதீர்கள். அவளைக் கேளுங்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, இப்போது எப்படிச் சாப்பிடுகிறீர்கள், என்று என்னைக் கேட்டார். என்னை.

"பெஹலே," என்றேன். முதலில்.

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. சீட்டில் எதையோ எழுதி என் கையில் கொடுத்தார், மகனிடம் கொடுக்கவில்லை.

திரும்பும்போது மகன்தான் கார் ஓட்டினான். பெரிய ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றபோது, திரும்பாமலே கேட்டான்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கியாம்மா?"

"ஆமா," என்றேன். "கோவமாத்தான் இருக்கேன். பசியாவும் இருக்கேன். மணி பன்னெண்டே முக்கால் ஆச்சு, வெரசாப் போ."